இடமும் காப்பும்

மனிதன் தேடும் பொருள்களுள் இடத்தைப் போல விரைவிற் போதாமற் போவது பிறிதொன்றில்லை. வீட்டுக்கு ஓர் அறையைக் கூட்டிக் கட்டினால் சில மாதங்களில் அதுவும் நிறைந்துவிடும். கணினியின் நிலையும் இதுவே. புதிதாக வாங்கிய மேசைக் கணினிக்கு மேலதிகமாக ஒரு தட்டையோ இரு தட்டுகளையோ பூட்டுவது இன்று மாணவர் விடுதிகளிலும் விரிவுரையாளர் இல்லங்களிலும் அன்றாடம் நிகழும் சிறு வேலையாகும். நான்கு திருகாணிகளும் இரண்டு வடங்களும் போதும். அரை மணித்தியாலத்தில் முடிந்துவிடும். ஆயினும் இச்சிறு வேலையினுள் இரண்டு வினாக்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. இருப்பதை வைப்பதற்கு இடம் எங்கே என்பது ஒன்று. வைத்ததைக் காப்பது எங்ஙனம் என்பது மற்றொன்று. முதல் வினாவுக்குக் கடையில் விடை கிடைக்கும். அது கிடைத்தவுடன் இரண்டாவதற்கும் விடை கிடைத்துவிட்டதாக எண்ணி அமைந்துவிடுவது பலருடைய வழக்கம். அவ்வழக்கமே ஈண்டு ஆராயத்தக்கது.

தமிழ்த்துறையில் நெடுங்காலம் பணியாற்றிய ஆசிரியர் ஒருவரின் அனுபவம் இதனை விளக்கப் போதுமானது. அவர் தம் இளமைக்காலம் முதலாகக் கிராமங்கள்தோறும் சென்று தாலாட்டு, ஒப்பாரி, வசந்தன் பாடல், கூத்துப் பாடல் முதலியவற்றை ஒலிநாடாவிற் பதிவு செய்தவர். ஏறத்தாழ முந்நூறு நாடாக்கள். ஒவ்வொன்றும் ஒரு மணித்தியாலம் ஓடுவது. பாடியவர்களுட் பெரும்பாலோர் இன்று இல்லை. சில ஊர்கள் போர்க்காலத்தில் இடம்பெயர்ந்தன. மக்கள் மீளக் குடியேறியபோது பாட்டு அவர்களுடன் திரும்பி வரவில்லை. ஆசிரியரும் இடம்பெயர்ந்தவரே. ஒவ்வொரு முறையும் உடுபுடைவையைக் குறைத்துக்கொண்டு நாடாப் பெட்டியைச் சுமந்தவர் என்று அவருடைய மாணவர்கள் சொல்வார்கள்.

நாடாவுக்கும் ஆயுள் உண்டு. காந்தப் பூச்சு உதிரும், பூஞ்சணம் பிடிக்கும், அதனை ஓட்டும் கருவியும் இன்று அருகிவிட்டது. ஆகவே, ஓய்வுபெற்றபின் அவர் அவற்றை எண்ணிம வடிவுக்கு மாற்றத் தொடங்கினார். ஒலிக் காப்பகங்களில் வழங்கும் உயர்ந்த தரத்தில், அதாவது செக்கனுக்கு 96,000 மாதிரிகள், மாதிரி ஒன்றுக்கு 24 பிற்று, இரு தடங்கள் என்னும் அளவிற் பதிந்தால், ஒரு மணித்தியால ஒலிக்கு ஏறக்குறைய 2 கிகாபைற்று இடம் வேண்டும். முந்நூறு நாடாக்களுக்கு 600 கிகாபைற்றுக்கு மேல். இவற்றோடு களக் குறிப்பேடுகளும் இருந்தன. ஏ4 தாள் ஒன்றை அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வீதம் நிறத்தில் வருடிச் சுருக்காது வைத்தால் 26 மெகாபைற்று ஆகும். இருநூறு பக்கக் கொப்பி ஒன்றுக்கு 5 கிகாபைற்று வேண்டும்.

பாதி வேலை நடந்துகொண்டிருக்கையில் அவருடைய பழைய கணினி செயலிழந்தது. அதிலிருந்த 1 டெராபைற்று வன்தட்டு மாத்திரம் பழுதின்றி எஞ்சியது. அதுவும் பல ஆண்டுகள் சுழன்ற தட்டு. மாற்றப்பட்ட நாடாக்களுட் சில, கடைசி முறையாக ஓடி அத்துடன் அறுந்து போனவை. ஆகவே, அக்குரல்கள் உலகில் வேறெங்கும் இல்லை. அந்த ஒரு தட்டிலேயே இருந்தன. புதிதாக வாங்கிய மேசைக் கணினியிலோ 512 கிகாபைற்றுத் திண்மநிலைத் தட்டு ஒன்றே இருந்தது. அதிலும் ஒரு பங்கைப் பணிசெயல் முறைமையும் செய்நிரல்களும் முன்னரே பிடித்துக்கொண்டிருந்தன. எனவே, அவர் 4 டெராபைற்று வன்தட்டுகள் இரண்டை வாங்கினார்.

மடிக்கணினியாயின் உள்ளே இன்னொரு தட்டுக்கு இடம் இருப்பது அரிது. மேசைக் கணினியின் உறையினுள் வெற்றுக் கூடுகள் உண்டு. இவ்வமைப்புக்கு ஒரு வரலாறு இருக்கின்றது. 1981ஆம் ஆண்டில் வெளிவந்த ஐ.பி.எம். தனியாள் கணினியில் வன்தட்டு இல்லை, நெகிழ்தட்டே இருந்தது. ஆனால், பின்னர் வேண்டுவனவற்றைச் சேர்த்துக்கொள்வதற்கு அதன் பலகையில் ஐந்து செருகிடங்கள் விடப்பட்டிருந்தன. வாங்கியவன் தன் தேவைக்கேற்பப் பொறியை வளர்த்துக்கொள்ளலாம் என்னும் எண்ணம் அங்கேயே வேரூன்றியது. 1983இல் வந்த எக்ஸ்.ரி. என்னும் வகை 10 மெகாபைற்று வன்தட்டுடன் வந்தது. ஏ, பி என்னும் எழுத்துகள் நெகிழ்தட்டுகளுக்கு உரியனவாக இருந்தமையால் வன்தட்டு சி என்னும் எழுத்தைப் பெற்றது. நெகிழ்தட்டு வழக்கொழிந்து நெடுங்காலமாகியும் விண்டோஸ் கணினிகளில் முதற் தட்டு இன்றும் சி என்றே பெயர் பெறுகின்றது. ஊரைவிட்டுப் போனவர்களுக்காக விடப்பட்ட கதிரைகள் போல முதலிரண்டு எழுத்துகளும் வெறுமையாகக் கிடக்கின்றன.

இடத்தின் வளர்ச்சியைக் கருதினால் வியப்பே மிஞ்சும். 1956இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதல் வன்தட்டுத் தொகுதி, 24 அங்குல விட்டமுடைய ஐம்பது தட்டுகளைக் கொண்டது; ஒரு தொன்னுக்கு மேற்பட்ட நிறையுடையது. அது தாங்கியது ஐம்பது இலட்சம் எழுத்துகளை மாத்திரமே. 1980இல் சீகேற் நிறுவனம் ஐந்தேகால் அங்குலத் தட்டில் 5 மெகாபைற்றை அடக்கியது. ஆசிரியர் வாங்கிய தட்டு ஒவ்வொன்றும் அதனைப் போல எட்டு இலட்சம் மடங்கு கொள்ளும். இவ்வளர்ச்சிக்கு அடிப்படையாக அமைந்தவற்றுள் ஒன்று 1988இற் கண்டறியப்பட்ட இராட்சதக் காந்தத்தடை என்னும் விளைவு. மிக நுண்ணிய காந்தப் புள்ளிகளையும் வாசிக்கும் தலைகளை ஆக்க அது வழி செய்தது. அதனைக் கண்டறிந்த அல்பேர் ஃபேர், பீற்றர் குரூன்பேர்க் ஆகிய இருவருக்கும் 2007இல் பௌதிகத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இன்று வாங்கக்கூடிய தட்டுகள் இருவகையின. வன்தட்டு உண்மையிலேயே சுழலும் தட்டு. நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் தட்டொன்றில், வேண்டிய இடம் வாசிக்கும் தலையின் கீழ் வந்து சேரச் சராசரியாக 4 மில்லிசெக்கனுக்குச் சற்று அதிகமாகக் காத்திருக்க வேண்டும். மனிதனுக்கு அது கணப்பொழுது. கணினிக்கு அது நீண்ட காத்திருப்பு. திண்மநிலைத் தட்டில் அசையும் உறுப்பே இல்லை. 1980களில் தோஷிபா நிறுவனத்திற் பணியாற்றிய புஜியோ மசுவோகா உருவாக்கிய பிளாஷ் நினைவகமே அதன் அடிப்படை. நுண்ணிய கலங்களில் மின்னேற்றத்தை அடைத்துவைத்து அது தரவைத் தாங்குகின்றது. பணிசெயல் முறைமைக்கும் நாளாந்தம் திறக்கும் கோப்புகளுக்கும் திண்மநிலைத் தட்டே உகந்தது. பெருந்தொகையாகச் சேர்த்துவைத்து எப்போதாவது எடுப்பவற்றுக்கு, விலை குறைந்த வன்தட்டு போதுமானது. வாசலில் வைப்பதையும் அறையில் வைப்பதையும் வீட்டுக்காரர் பிரித்தறிவது போன்றதே இது. ஆசிரியரின் தேவை பின்னையது.

தட்டை வாங்குமுன் உறையைத் திறந்து பார்ப்பது அறிவுடைமை. 2003ஆம் ஆண்டில் வெளிவந்த சாட்டா என்னும் இணைப்பு முறையே இன்றைய வன்தட்டுகளுக்கு உரியது. தாய்ப்பலகையில் அதற்கான துவாரங்கள் எத்தனை உள, அவற்றுள் வெறுமையானவை எத்தனை என எண்ண வேண்டும். பலகையோடு ஒட்டிப் பூட்டும் எம்.2 வகைத் திண்மநிலைத் தட்டை நாடுவோர் இன்னொன்றையும் கவனித்தல் வேண்டும். பல பலகைகளில் எம்.2 செருகிடமும் சில சாட்டாத் துவாரங்களும் ஒரே வழியைப் பகிர்ந்துகொள்கின்றன. ஒன்றிற் பூட்டினால் மற்றது செயலிழந்துவிடும். புதிய தட்டைப் பூட்டியதும் பழைய தட்டைக் காணவில்லை என்று பதறுவோர் பலர் இதனை அறியாதவரே. பலகையுடன் வரும் கைந்நூலில் இச்செய்தி அச்சிடப்பட்டிருக்கும். ஆனால், கைந்நூலைப் பெட்டியுடன் பரணில் ஏற்றிவிடுவதே நம்மவர் வழக்கம்.

மின்சாரம் பற்றிய எச்சரிக்கை ஒன்றும் உண்டு. ஒவ்வொரு தட்டுக்கும் தரவு வடம் ஒன்றும் மின்வடம் ஒன்றும் வேண்டும். சில மின்வழங்கிகளில் மின்வடங்களைக் கழற்றிப் பூட்டலாம். ஒரு மின்வழங்கியுடன் வந்த வடத்தை இன்னொன்றிற் பூட்டலாகாது. வடத்தின் முனை இரண்டிலும் ஒரேமாதிரிப் பொருந்தினாலும் உள்ளே கம்பிகளின் ஒழுங்கு நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடலாம். 5 உவோற்று செல்ல வேண்டிய கம்பியில் 12 உவோற்று சென்றால் தட்டு அக்கணமே எரிந்து போகும். அவ்வாறே, கணினியை அணைத்து மின்தொடுப்பை நீக்கியபின், உறையின் உலோகப் பகுதியைத் தொட்டு உடலின் நிலைமின்னைப் போக்கிவிட்டே உட்பாகங்களிற் கை வைத்தல் முறை.

ஆசிரியருக்கு உதவியாக வந்தவர் அவருடைய முன்னாள் மாணவர் ஒருவர். உறையைத் திறந்ததும் அவர் செய்த முதல் வேலை, பழைய 1 டெராபைற்றுத் தட்டை எட்டத்தில் வைத்ததே. “சேர், புதுசைப் பூட்டி முடியுமட்டும் பழசு வெளியிலயே கிடக்கட்டும். இரண்டும் ஒண்டாய்க் கிடந்தால் எது எதெண்டு மாறிப்போகும்” என்றார். “செய் தம்பி, எனக்கு அவசரமில்லை” என்றார் ஆசிரியர்.

இச்சொற்களின் பெறுமதி, தட்டைப் பூட்டிக் கணினியை இயக்கும்போதே விளங்கும். புதிதாகப் பூட்டிய வெற்றுத் தட்டைக் கணினி தானாகவே பயன்படுத்தத் தொடங்குவதில்லை. அதனைத் தொடக்கி, பகுதி பிரித்து, கோப்பு முறைமையை அமைத்துப் பெயரிட வேண்டும். அவ்வேளையில் திரையிலே தட்டுகள் யாவும் 0, 1, 2 என எண்களாகவே தோன்றும். ஒன்றில் ஒரு வாழ்நாளின் உழைப்பு இருக்கின்றது, மற்றது தொழிற்சாலையிலிருந்து நேற்று வந்தது என்ற வேறுபாடு கணினிக்குத் தெரியாது. எண் மாறி ஆணையிட்டால், கேட்ட ஒரு கேள்விக்கு ஆம் என்று சொன்ன குற்றத்துக்காகப் பழைய தட்டு வெறுமையாகத் தோன்றும். எஞ்சியிருப்பவற்றை மீட்டெடுக்கும் முயற்சி செலவுமிக்கது; பலன் உறுதியற்றது. பழைய தட்டை வெளியே வைத்துவிட்டால் இத்தவறு நிகழ்வதற்கே வழியில்லை. கவனத்தை நம்பி இருப்பதிலும், தவறுக்கு இடமே இல்லாதபடி வேலையை ஒழுங்குபடுத்துவது மேலானது.

தொடக்கும்போது கேட்கப்படும் இன்னொரு கேள்வி பகுதி அட்டவணையின் வகை பற்றியது. பழைய எம்.பி.ஆர். முறை, 512 பைற்றுக் கூறுகளை 32 பிற்று எண்ணால் எண்ணுவது. எனவே, 2.2 டெராபைற்றுக்கு மேல் அதனால் எண்ண முடியாது. 4 டெராபைற்றுத் தட்டிற்கு அதனைத் தெரிந்தால் ஏறத்தாழப் பாதித் தட்டு பயனின்றிக் கிடக்கும். ஜி.பி.ரி. என்னும் புதிய முறையையே தெரிதல் வேண்டும். அதன்பின்னும், 4 டெராபைற்று என்று பெட்டியில் எழுதிய தட்டு விண்டோஸ் திரையில் 3.63 என்றே தோன்றும். விற்றவர் ஏமாற்றவில்லை. உற்பத்தியாளர் டெராபைற்றைப் பத்தின் அடுக்கில் ஒரு இலட்சம் கோடி பைற்று எனக் கணக்கிடுகின்றனர். விண்டோஸ் இரண்டின் அடுக்கில் அளக்கின்றது. ஒரே நெல்லைச் சிறிய கொத்தாலும் பெரிய கொத்தாலும் அளந்தால் வரும் வேறுபாடே இது.

புதிய தட்டு ஆயத்தமான பின்னரே பழைய தட்டுப் பூட்டப்பட்டது. அதுவரை பதிந்த 300 கிகாபைற்று ஒலியும் ஏறத்தாழ முக்கால் மணித்தியாலத்தில் புதியதற்குப் படியெடுக்கப்பட்டது. இத்துடன் வேலை முடிந்திருக்கலாம். ஆனால், ஆசிரியர் ஒரு துணிப்பையைத் திறந்து இன்னொரு தட்டை எடுத்தார். அது அதற்கும் முந்திய கணினி ஒன்றுக்குரியது. நாடாக்களின் அட்டவணை அதிலேதான் இருந்தது. எந்த நாடாவில் யார் பாடினார், எந்த ஊர், எந்த நாள், பாட்டை யாரிடம் கற்றார் என்னும் விபரங்கள் அதில் அடங்கியிருந்தன. அட்டவணை இன்றேல் நாடாக்களில் எஞ்சுவன பெயரற்ற குரல்களே.

அத்தட்டின் இணைப்பு நாற்பது ஊசிகளைக் கொண்ட பழைய அகன்ற பட்டி வடத்துக்குரியது. புதிய தாய்ப்பலகையில் அதற்கு இடமில்லை. மாற்றி ஒன்றை வாங்கிப் பூட்டியபின் தட்டு சுழன்றது, கோப்புகளும் திறந்தன. திறந்த கோப்புகளில் தமிழ் இல்லை. ஆங்கில எழுத்துகளும் குறிகளும் ஒழுங்கின்றிக் கலந்து கிடந்தன. அவை பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்யப்பட்டவை. இலங்கையிலே பல்லாண்டுகள் பரவலாக வழங்கிய அவ்வெழுத்துரு, ஆங்கில எழுத்துகளுக்கு உரிய குறியெண்களின்மேல் தமிழ் வடிவங்களைப் போர்த்தியது. எழுத்துரு இல்லாத கணினியிற் போர்வை நீங்கி உள்ளிருப்பது வெளிப்படும். ஒருங்குறியில் 1991இல் வந்த முதற் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றதாயினும், அது நம் மேசைகளுக்கு வந்து சேரப் பல ஆண்டுகள் சென்றன. அவ்விடைக்காலத்தில் எழுதப்பட்ட ஆய்வேடுகளும் மலர்களும் கடிதங்களும் இன்றும் இந்நிலையிலேயே பல தட்டுகளில் உறங்குகின்றன. மாணவர் அவற்றை ஒருங்குறிக்கு மாற்றினார். குறிகள் மறைந்து ஒரு மூதாட்டியின் பெயரும் அவருடைய ஊரின் பெயரும் திரையில் எழுந்தபோது, ஆசிரியர் சிறிது நேரம் பேசாதிருந்தார். அந்த ஊரில் அப்பாடலை அறிந்தவர் அவர் ஒருவரே என அடுத்த வரியிற் குறிக்கப்பட்டிருந்தது.

தட்டிலே கோப்பு இருப்பது வேறு. அது வாசிக்கத்தக்கதாக இருப்பது வேறு. பூட்டுவதற்கு வாயில், திறப்பதற்குச் செய்நிரல், வாசிப்பதற்கு எழுத்து ஆகிய மூன்றும் கூடினாலன்றி இருப்பது இருப்பாகாது. மேலதிகத் தட்டு இவற்றுள் எதனையும் தருவதில்லை.

இரண்டாவது 4 டெராபைற்றுத் தட்டை என் செய்வது என்ற வினா அதன்பின் எழுந்தது. ஆசிரியரின் முதல் எண்ணம் அதனையும் அதே உறையினுட் பூட்டி, ஒன்றில் எழுதுவது மற்றதிலும் தானாகவே எழுதப்படுமாறு செய்வது. இது றெயிட் எனப்படும் முறையின் ஒரு வகை. 1988இல் கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்கிலி வளாகத்தைச் சேர்ந்த பற்றர்சன், கிப்சன், காற்ஸ் ஆகிய மூவர் வெளியிட்ட கட்டுரையால் அப்பெயர் நிலைபெற்றது. ஒரு தட்டுப் பழுதானாலும் வேலை தடைப்படாதிருக்க அது உதவும். ஆயினும், ஓயாது இயங்கவேண்டிய பணிகளுக்கு அது சிறந்ததே அன்றிக் காப்புப்பிரதிக்கு அது ஈடாகாது. கைதவறி ஒரு கோப்பை அழித்தால் இரண்டிலும் அது அக்கணமே அழியும். தீங்கு நிரல் ஒன்று கோப்புகளைப் பூட்டி மீட்புப் பணம் கேட்டால் இரண்டும் ஒன்றாகவே பூட்டப்படும். கள்வன் உறையைத் தூக்கினால் இரண்டும் ஒன்றாகவே போகும்.

இலங்கையில் வாழ்பவர் கருதவேண்டிய வேறு ஆபத்துகளும் உள. 2022ஆம் ஆண்டின் நெருக்கடியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நீடித்தது. மின் போவதும் வருவதும் எழுதிக்கொண்டிருக்கும் தட்டுக்குக் கேடு விளைப்பவை. பருவமழைகளுக்கு இடைப்பட்ட மாதங்களின் இடிமின்னல் மின்வழியாகவும் தொலைபேசி வழியாகவும் வீட்டினுள் வரும். ஓர் உறையினுள் ஒரு மின்வழங்கியின் கீழ் வாழும் இரு தட்டுகள், ஒரே கூரையின் கீழ் வைத்த இரு பிரதிகளே. எண்ணிக்கையில் இரண்டு, ஆபத்தின் முன் ஒன்று.

ஓரிடத்திற் குவித்தலின் தீங்கை உலகம் பலமுறை கண்டுள்ளது. 2011இல் தாய்லாந்திற் பெருவெள்ளம் வந்தபோது உலகெங்கும் வன்தட்டுகளின் விலை ஏறியது. தட்டு உற்பத்தியின் பெரும் பகுதி அந்நாட்டின் தாழ்நிலத் தொழிற்சாலைகளிற் குவிந்திருந்தமையே காரணம். நம் வரலாறோ இதனிலும் கசப்பானது. 1981ஆம் ஆண்டு மே மாத இறுதி இரவில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. வேறிடத்திலும் இருந்த நூல்களை மீண்டும் தேடி வாங்க முடிந்தது. வேறெங்கும் இல்லாத ஏடுகள் அன்றே முடிந்தன. தீயின் கொடுமை எல்லா நூல்களுக்கும் ஒன்றே. அவற்றை மீட்டுத் தந்ததும் தராது விட்டதும் இன்னொரு பிரதி இருந்ததா இல்லையா என்பதே. 2005இல் தொடங்கப்பட்ட நூலகம் எண்ணிம நூலகத் திட்டம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் வருடி, எவரும் எங்கிருந்தும் படியெடுக்க வைத்தமை இந்த உண்மையை உணர்ந்த செயலாகும்.

இது கணினிக்கு மாத்திரம் உரிய புதுக் கவலையும் அன்று. பனையோலைக்கு வயது உண்டு என்பதைத் தமிழர் நன்கு அறிவர். ஓலை செல்லரிக்குமுன் புதிய ஓலையில் எழுதி வைப்பதே மரபு. சங்கச் செய்யுள்கள் இன்று கைக்கு எட்டியமைக்குக் காரணம் ஓர் ஓலை ஈராயிரம் ஆண்டு நிலைத்தமை அன்று. தலைமுறைதோறும் யாரோ ஒருவர் இருந்து எழுதினார். எழுதுவார் இல்லாது போனவை பெயரளவில் நின்றன. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் கலித்தொகையையும் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் அச்சேற்றியபோது, தொட்டால் ஒடியும் ஏடுகளோடேயே போராடினார். அவர் அன்று செய்ததும், சிதையும் பொருளிலிருந்து சிதையாத எண்ணிக்கைக்குப் படியெடுத்தலே.

தட்டு ஓலையிலும் குறுகிய ஆயுளுடையது. வன்தட்டின் மசகும் சுழலியும் தேயும். பெட்டியில் வைத்துப் பூட்டிய திண்மநிலைத் தட்டிலோ மின்னேற்றம் மெல்லக் கசியும். பாவனை எல்லையை எட்டிய தனியாள் பாவனைத் திண்மநிலைத் தட்டு ஒன்று, மின்சாரமின்றி 30 பாகை செல்சியசில் ஓராண்டு தரவைத் தாங்கினாற் போதும் என்பதே ஜெடெக் அமைப்பின் நியமம். வெப்பம் கூடக் காலம் குறையும். யாழ்ப்பாணத்து அலுமாரி ஒன்றின் வெப்பத்தை அறிந்தவருக்கு இதன் பொருள் விளங்கும். ஆகவே, ஒரு முறை வைத்துவிட்டோம் என்று ஆறியிருத்தல் இத்துறையில் இயலாது.

இறுதியில் ஆசிரியர் இரண்டாம் தட்டைக் கணினியிற் பூட்டவில்லை. வெளியுறை ஒன்றில் இட்டு, முழுவதையும் அதிற் படியெடுத்து, வேறு மாவட்டத்தில் வாழும் தங்கையின் வீட்டுக்கு அனுப்பினார். மூன்றாவது பிரதியொன்று பல்கலைக்கழக நூலகத்துக்குச் சென்றது. மூன்று பிரதிகள், இருவகை ஊடகம், ஒன்றாவது வேறிடத்தில் என்று இத்துறையோர் கூறும் விதிக்கு இது பெரும்பாலும் பொருந்துவது. ஆண்டுக்கு ஒருமுறை தங்கை வீட்டுத் தட்டை வரவழைத்து, கோப்பு ஒவ்வொன்றுக்கும் குறித்துவைத்த சரிபார்ப்பு எண்ணோடு ஒப்பிட்டு, புதியவற்றைச் சேர்த்துத் திருப்பி அனுப்புவதென ஒழுங்கு செய்தார். ஒரு பிற்று மாறியிருந்தாலும் அவ்வெண் காட்டிக்கொடுத்துவிடும்.

பெரிய தட்டு இன்னொரு சோம்பலையும் தருவது. இடம் குறைவாயின் மனிதன் தெரிந்து வைப்பான். இடம் மிகுந்தால் எல்லாவற்றையும் குவிப்பான். ஒரே படத்தின் ஐந்து பிரதிகள், ‘புதியது’, ‘புதியது 2’, ‘இறுதி’, ‘உண்மையான இறுதி’ எனப் பெயரிய ஆய்வேடுகள், யார் அனுப்பியதென்று தெரியாத காணொளிகள் என இன்றைய மாணவர் பலரின் தட்டுகள் நிறைந்திருக்கின்றன. இக்குவியலினுள் உண்மையிற் காக்கவேண்டியது எது என்று வைத்தவரே அறியாவிட்டால், அவருக்குப் பின் வருபவர் எங்ஙனம் அறிவார்? ஊரும் பெயரும் நாளும் இட்டு வைத்த சிறிய தொகுதி, பெயரற்ற பெருங்குவியலிலும் நெடுநாள் வாழும். வாழ்வதற்குக் காரணம், அதனை இன்னொருவர் படியெடுக்க விரும்புவார் என்பதே.

பல்கலைக்கழகச் சமூகத்துக்கு இதில் ஒரு கடமை உண்டு. கள ஆய்வுக்குச் செல்லும் மாணவர் முதியோரின் குரல்களையும் குடும்பங்களின் ஏடுகளையும் நம்பிக்கையின்பேரிற் பெற்று வருகின்றனர். பட்டம் கிடைத்தபின் அவை எந்தத் தட்டில், எந்த அலுமாரியில் இருக்கின்றன என்பதைத் துறைகள் கேட்பது அரிது. ஆய்வேட்டுடன் மூலப் பதிவுகளின் பிரதியொன்றையும் அட்டவணையோடு, ஒருங்குறித் தமிழில், துறையிலும் நூலகத்திலும் ஒப்படைப்பதை ஒரு விதியாக்குவதற்குப் பெரும் பணம் வேண்டியதில்லை. ஒரு துறையின் பல ஆண்டுத் தேட்டத்தை ஒரு சில தட்டுகள் தாங்கும்.

புதிய கணினிக்கு மேலதிகத் தட்டைப் பூட்டுபவர் அதனை மகிழ்ச்சியுடன் பூட்டட்டும். வெற்றிடம் கிடைப்பது நல்லதே. பூட்டி முடித்து உறையின் திருகாணிகளை இறுக்குமுன் அவர் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இந்த உறை நாளை இல்லாது போனால், இதிலுள்ளவற்றுள் எவை மீண்டும் பெற முடியாதவை? அப்பட்டியல் பெரும்பாலும் சிறியதாகவே இருக்கும். அதனை இன்றே வேறிடத்தில் வாழும் ஒருவருக்குப் படியெடுத்துக் கொடுத்துவிட்டு, அதன்பின் திருகாணியை இறுக்கலாம்.